ஐயாயிரம் வாட் மாப்பிள்ளை

என் தங்கையின் கணவருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உடம்பை வைப்பார், அவ்வளவுதான். வலது பாதம் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். இடது கை, அங்கே இல்லாத கியர் கம்பியைத் தேடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4.10 முதல் 5.10 வரை அவர் எங்கள் வீட்டில் இருந்தபோது எண்ணிப் பார்த்தேன். பதினேழு முறை எழுந்தார். அதில் இரண்டு முறைதான் காரணம் இருந்தது. ஒருமுறை தண்ணீர் குடிக்க, ஒருமுறை விடைபெற.

முப்பத்தோரு ஆண்டு பஸ் ஓட்டியவர். ஒரே தடம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நாளுக்கு ஆறு நடை. ஆண்டுக்கு இருநூற்று எண்பது நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் இருபத்தொரு லட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வருகிறது. ஓய்வு பெற்ற அன்று இதை அவரிடம் காட்டினேன்.

"அத்தனையும் அதே நாப்பத்திரண்டுதானே மச்சான்," என்றார். "செக்குமாடு சுத்துன தூரத்தைக் கூட்டிப் பாருங்க, அதுவும் உலகத்தைச் சுத்தி வந்திருக்கும்."

டெப்போவில் அவருக்கு 'உறுமல்' என்று பெயர். கடைசி நிறுத்தத்தில் மற்ற ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் அணைக்கமாட்டார். டீ கிளாஸோடு வண்டியைச் சுற்றி வருவார், வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். டீசல் கணக்கில் இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். நின்ற வண்டி மறுபடி கிளம்பும் என்று என்ன உத்தரவாதம் என்று திருப்பிக் கேட்டாராம்.

ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதத்தில் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் கழற்றி மாட்டினார். சொட்டாமல் இருந்தவையும் அதற்குப் பிறகு சொட்டின. கதவுகளை இழைத்தார். அலமாரியையும் நாற்காலிகளையும் மூன்று முறை இடம் மாற்றினார். ஒருநாள் மின்சாரம் போன நேரத்தில் வெளியே இருந்து வந்த என் தங்கை, நாற்காலி பழைய இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பி உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களைப் பென்ஷன்ல அனுப்பினாங்களா, என் மேல ஏவி விட்டாங்களா?" என்று இருட்டிலிருந்தே கேட்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் வேன் வந்தது.

அவரோடு பல ஆண்டு ஓடிய பழைய கண்டக்டர் ஒரு வேன் வைத்திருந்தார். பள்ளி விடுமுறை மாதத்தில் அது சும்மா நிற்கும். இரண்டாம் தேதி முதல் முப்பதாம் தேதி வரை வைத்துக்கொள், முப்பத்தோராம் தேதி காலை எனக்கு வேண்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பின் இருக்கைகளைக் கழற்றி, பலகை அடித்து, மெத்தை போட்டு, இரண்டே நாளில் மாப்பிள்ளை அதை ஓடும் அறையாக்கிவிட்டார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தனியாக ஒரு நூறு ஆம்ப் பேட்டரி. வண்டி ஓடும்போது அதுவும் சார்ஜ் ஆகும்.

"எங்கே போறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"நாப்பத்து மூணாவது கிலோமீட்டருக்கு," என்றார். "அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

"ராத்திரி லாட்ஜ்ல தங்கலாமே மாப்பிள்ளை?"

"லாட்ஜா? ரூம் நகருமா மச்சான்?"

இதில் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். என் தங்கை போக முடியுமா என்பது.

அவள் துணி ஆலையில் இருபத்திரண்டு ஆண்டு துணியின் தரம் பார்த்தவள். நாலு ஆண்டுக்கு முன்பு பகலில் தூங்கி விழ ஆரம்பித்தாள். நின்றபடி தூங்கினாள், பேசிக்கொண்டிருக்கும்போது தூங்கினாள், ஒருமுறை பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடியே தூங்கினாள். எல்லாரும் வயது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். போன ஆண்டுதான் மருத்துவமனையில் ஓர் இரவு படுக்க வைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் மணிக்கு முப்பத்தெட்டு முறை மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். அன்றிலிருந்து தலைமாட்டில் ஒரு மெஷின். செங்கல் அளவுப் பெட்டி, அதிலிருந்து நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கின் மேல் மாட்டும் மூடி. பெட்டி காற்றை மெல்ல அழுத்தி அனுப்பும். காற்று வறளாமல் இருக்க ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, அதைச் சூடாக்க ஒரு தகடு. ஒரு ராத்திரிகூட விடாதீர்கள் என்பது டாக்டரின் கட்டளை.

"அந்த மெஷின் வேன்ல எட்டு மணி நேரம் நிக்காம ஓடும்னு காட்டுங்க, வர்றேன்," என்றாள் தங்கை. "இல்லேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"தனியாவா? நாப்பது பேரோட போய்ப் பழகினவன்மா நான். காலி வண்டி எனக்கு ஓட்ட வராது."

அவள் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் தேதி, வேன் வந்த அன்றே, அவளுடைய பை தயாராகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்ததை நான் பார்த்தேன்.

பேட்டரியில் இருப்பது ஒரு வகை மின்சாரம், வீட்டுப் பொருள்கள் கேட்பது வேறு வகை. மாற்றிக் கொடுப்பது இன்வெர்ட்டர். எந்த அளவு வாங்குவது என்பதுதான் கேள்வி. நாலாம் தேதி காலை 10.20க்கு இருவரும் பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்து படுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாத மனிதர். மாப்பிள்ளைக்கு அவரைப் பார்த்ததுமே பொறுக்கவில்லை.

"என்னென்ன ஓடணும்னு ஒரு லிஸ்ட் போட்டுட்டு வாங்க டிரைவர் சார். வாட்டைக் கூட்டுங்க. கால் பங்கு சேர்த்துக்கங்க."

லிஸ்ட்டை நான் போட்டேன். வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பொருளையும் புரட்டி, அடியில் அச்சிட்டிருந்ததை அப்படியே எழுதினேன். மூச்சு மெஷின் 90. தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் 1500. மிக்ஸி 550. மின்விசிறி 45. விளக்கு இரண்டு, தலா 9. போன் சார்ஜர் இரண்டு, தலா 15. ஆக 2233. கால் பங்கு சேர்த்தால் 2791 கால். கூட்டலில் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "இதெல்லாம் ஒரே நேரத்துலயா ஓடும்?"

"ஓடிச்சுன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க தூங்கறப்ப மிக்ஸி எதுக்கு ஓடணும்?"

"மூவாயிரம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. மெஷினுக்கு வேணும்கறதால சைன்வேவ் தர்றேன், அதுதான் வீட்டுக் கரண்ட் மாதிரி சீரா வரும். மலிவானது போட்டா மெஷின் முனகும். ஆனா ஒண்ணு கேளுங்க, நேரம் வேணும்னா..."

அவர் 'நேரம்' என்று சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் வரை போய்விட்டார். நேரத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு நேரம் இல்லை.

அன்று இரவு வேன் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. தங்கை உள்ளே படுத்தாள். மெஷினும் விசிறியும் ஓடின. 9.30க்கு ஆரம்பித்தது, 2.21க்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. நாலு மணி ஐம்பத்தொரு நிமிடம். விடியற்காலை ஆறு மணிக்கு எனக்குப் போன்.

"பத்தலை மச்சான். பெருசா எடுக்கணும்."

"எதைப் பெருசா?"

"இன்வெர்ட்டரைத்தான். ஏத்தத்துல வண்டி திணறுதுன்னா எஞ்சின் சின்னதுன்னு அர்த்தம். இது எனக்குச் சொல்லித் தரணுமா?"

எல்லா மனிதரும் ஏதாவது ஒன்றில் ஊறியிருக்கிறார்கள். அவர் ஊறியது எஞ்சினில். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிய ஒவ்வொரு நாளும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, சக்தி கூடினால் எல்லாம் சரியாகும் என்பதுதான். எனக்கும் மறுத்துச் சொல்லக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆறாம் தேதி அதைக் கொடுத்துவிட்டு ஐயாயிரம் வாட் இன்வெர்ட்டரை எடுத்து வந்தோம். இரண்டு பேர் பிடித்துத்தான் வேனில் ஏற்ற முடிந்தது.

"அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போடறது ஒண்ணு இருக்கு, எடுத்து வைக்கவா?" என்று கடைக்காரர் சாய்ந்தபடியே கேட்டார்.

ஒரு நாள் முழுக்கப் பேட்டரியைச் சார்ஜ் செய்து, ஏழாம் தேதி இரவு மறுபடி. அதே மெஷின், அதே விசிறி, அதே 9.30. நின்றது 1.32க்கு. நாலு மணி இரண்டு நிமிடம்.

எட்டாம் தேதி காலை தன் வீட்டு வாசலில் மாப்பிள்ளை முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். பேட்டரி சரியில்லை, ஒயர் சரியில்லை, கடைக்காரனே சரியில்லை என்றார். நான் தாளில் இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி அவர் முன்னால் நீட்டினேன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் நில்லுங்க. மூவாயிரத்துக்கு 4.51. ஐயாயிரத்துக்கு 4.02. பெருசாகப் பெருசாகக் குறையுது."

"அது எப்படிக் குறையும்?"

"எப்படின்னு தெரியலை. குறையுதுங்கறது மட்டும் தெரியுது."

"நீங்க நேரத்தைச் சரியாக் குறிச்சீங்களா?"

இந்தக் கேள்வியை என் அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் கேட்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் தங்கை. ஒன்பதாம் தேதி மதியம் 2.45 இருக்கும். மெத்தை விரிப்பை எடுக்க வேனுக்குள் போனவள், இன்வெர்ட்டரின் மேல் கையை ஊன்றினாள். உடனே எடுத்துவிட்டாள்.

"அண்ணே, இங்க வாங்க. இதுல ஒண்ணும் மாட்டலைதானே?"

எட்டிப் பார்த்தேன். மாட்டவில்லை. மெஷின் வீட்டுக்குள் இருந்தது, விசிறியும் அங்கேதான். ஆனால் காலையில் பேட்டரியைச் சார்ஜ் செய்த பிறகு இன்வெர்ட்டரின் சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்தது. பெட்டி வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே அதன் சொந்த விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பின்னே இது யாருக்காக ஓடுது?" என்றாள்.

அப்போது மாப்பிள்ளை வேனின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து அவருடைய கால்களைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, உங்க கூடப்பொறந்தது ஒண்ணு இங்க இருக்கு. சும்மா இருந்தாலும் ஓடிக்கிட்டே இருக்கு. இருக்கற கரண்ட்டை எல்லாம் தானே குடிச்சிடுது."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

மறுநாள் கடையில், அன்று பாதியில் நின்ற வாக்கியத்தைக் கடைக்காரர் முடித்தார். இன்வெர்ட்டரின் வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் இழுக்கும் என்பது மட்டும்தான். எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது பேட்டரியின் வேலை. பெரிய இன்வெர்ட்டர் பாரமே இல்லாவிட்டாலும் தான் விழித்திருப்பதற்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மூவாயிரம் முப்பது வாட்டைத் தின்றது, ஐயாயிரம் ஐம்பத்தைந்தை.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மாப்பிள்ளை.

"சொன்னேன். நீங்க வேனுக்கு ஓடிட்டீங்க. வேன்கிட்ட வந்து சொல்ல எனக்குக் கால் வலி."

அவரிடமிருந்து ஒரு வாட் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். சுவருக்கும் பொருளுக்கும் நடுவில் மாட்டினால், அந்தப் பொருள் அந்த நிமிடம் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும். பதினோராம் தேதி காலை முழுவதும் அதே வேலை. அப்போதுதான் என் லிஸ்ட்டின் பிழை தெரிந்தது. பொருளின் அடியில் அச்சிட்டிருப்பது அது எடுக்கக்கூடிய உச்சம், வழக்கமாக எடுப்பது அல்ல. நான் ஒவ்வொன்றின் உச்சத்தையும் சரியாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே நொடியில் ஓட விட்டிருந்தேன். எழுத்து சரி, கூட்டல் சரி, லிஸ்ட் தவறு.

90 என்று எழுதியிருந்த மூச்சு மெஷின் சராசரியாக 58 எடுத்தது. தண்ணீர்ச் சூட்டை அணைத்தேன். 13க்கு இறங்கியது. நம்பாமல் மூடியைத் தங்கையின் முகத்தில் மாட்டி மறுபடி பார்த்தேன். 13தான். மருத்துவமனைக்குப் போன் செய்தோம். காற்றுதான் முக்கியம், உங்களுக்குச் சூடு வசதிக்காக மட்டுமே, தொண்டை அதிகம் வறண்டால் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். பெரிய விசிறிக்குப் பதில் மேசை விசிறி, அது 22. கெட்டிலும் மிக்ஸியும் வீட்டிலேயே இருக்கட்டும், தண்ணீர் வைக்கச் சின்ன கேஸ் அடுப்பு போதும் என்று தங்கை தீர்ப்புச் சொன்னாள். இரவு ஓடப்போவது முப்பத்தைந்து வாட். விசிறி கிளம்பும்போது ஒரு கணம் இரண்டு மூன்று பங்கு இழுக்கும், அதையும் சேர்த்தாலும் முந்நூறு வாட் இன்வெர்ட்டர் தாராளம். அது சும்மா விழித்திருக்க எடுப்பது ஆறே வாட். பாட நோட்டு அளவுதான் இருந்தது.

மாப்பிள்ளை அதை ஒரு கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா? இது என்னோட சோத்து டப்பா அளவுகூட இல்லையே."

"ராத்திரிப் பசி கம்மின்னா சின்ன டப்பா போதும்," என்றார் கடைக்காரர்.

பன்னிரண்டாம் தேதி இரவு மூன்றாவது சோதனை. இந்த முறை பேட்டரியின் வோல்ட்டைக் காட்டும் என் சின்ன மீட்டரையும் வேனில் வைத்திருந்தேன். காலையில் ஆறு மணிக்குப் போனபோது இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியிலும் மிச்சம் இருந்தது. ஆனால் மெத்தை காலி. தங்கை வீட்டுக்குள் படுத்திருந்தாள், மெஷினும் அங்கேதான். இரவு 2.05க்கே எடுத்துப் போய்விட்டாளாம்.

"கரண்ட் நிக்கலை அண்ணே. இவர்தான் நிக்கலை," என்றாள். "அரை மணிக்கு ஒருதரம் எழுந்து, டார்ச் அடிச்சு மீட்டரைப் பார்க்கறார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டுப் பக்கம் போறார். மறுபடி வர்றார். ஒன்பது தடவை எண்ணினேன். பத்தாவதை எண்ண எனக்குத் தெம்பு இல்லை."

மாப்பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி வாசல்படியில் நின்றார். அங்கேயும் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் வரலைங்க," என்றாள் அவள், சத்தம் போடாமல். "வீட்லயாவது தூங்குறேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். எட்டு உருப்படி. கடைசித் துணி உள்ளே போனதும் மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். தெரு முனை வரை நடந்து, திரும்பி, மறுபடி முனை வரை நடந்தார். மூன்றாவது சுற்றில்தான் என்னால் சேர்ந்து நடக்க முடிந்தது.

"மீட்டரைப் பார்க்காம இருக்க முடியாதா மாப்பிள்ளை? அதான் ஓடுதுன்னு தெரிஞ்சு போச்சே."

"மீட்டரையா பார்க்கறேன்?" என்றார். தெரு முனையில் திரும்பினார். "மெஷின் வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம், மச்சான். அவ மூச்சு நிக்கும். நீங்க எல்லாம் குறட்டைன்னு சிரிச்சீங்க. குறட்டை வந்தா நல்லது, சத்தம் நின்னாதான் பயம். நான் எண்ணுவேன். இருபதுக்குள்ள வரலைன்னா தோளைத் தொடுவேன், வந்துடும். மறுபடி எண்ணுவேன். காலையில எழுந்து பஸ் எடுப்பேன். உடம்பு அப்படியே பழகிடுச்சு. அந்த மெஷின் நின்னுச்சுன்னா யார் எண்ணுவா?"

முப்பத்தெட்டு முறை என்று மருத்துவமனை ஓர் இரவில் கண்டுபிடித்ததை, இவர் மூன்று ஆண்டு எந்தத் தாளிலும் எழுதாமல் எண்ணியிருக்கிறார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இதைத் தங்கையிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினைந்தாம் தேதி காலை சொன்னேன். அவள் தரம் பார்த்த நாட்களில் துணியைப் பிடிப்பது போல, கையிலிருந்த துண்டை இரண்டு விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு எழுந்து அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு ஒரு தடவை பார்க்கலாம். ஒன்பதரைலேருந்து அஞ்சரை வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது."

"அவசரத்துக்கு?"

"அதுக்கு மட்டும். டார்ச் கூடாது. மீட்டரை அண்ணன் எடுத்துட்டுப் போயிடுவார். மெஷின் நின்னா அதுவே கத்தும், அதுக்கு அலாரம் இருக்கு. எனக்காக நீங்க எண்ண வேண்டாம்."

"அலாரம் வேலை செய்யலைன்னா?"

"இந்தக் குழாயைப் பிடிச்சுக்கங்க," என்றாள். "காத்து போறது விரல்ல தெரியும். நின்னா உங்களுக்கும் தெரியும். பிடிச்சுக்கிட்டு, அசையாம படுங்க."

மீட்டரை என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அன்று நானும் சரியாகத் தூங்கவில்லை. அது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விவரம்.

காலை 5.30க்கு வேனின் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். வலது கையை உதறிக்கொண்டிருந்தார், மரத்துப் போயிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. உள்ளே மெஷின் சீராக ஓடும் சத்தம். தங்கை ஒருக்களித்து, வாய் மூடி, நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

"நீங்க தூங்கினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தூக்கமா? நம்ம தடத்துல மனசுக்குள்ளயே பஸ் எடுத்தேன் மச்சான். ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்தி, ஆள் ஏத்தி. நாலு டிரிப் முடிச்சு அஞ்சாவது பாதில வர்றப்ப நீங்க தட்டிட்டீங்க."

பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.3 வோல்ட். எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் மிச்சம். பத்து நிமிடம் கழித்து எழுந்த தங்கை முதலில் எண்ணைக் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். தொண்டை கொஞ்சம் வறண்டிருக்கிறது, பரவாயில்லை என்றாள். அன்று மாலையே அலமாரியிலிருந்த எட்டு உருப்படியும் பைக்குத் திரும்பின. ஒன்பதாவதாக ஒரு போர்வையும் சேர்ந்தது.

கிளம்புவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். தினமும் இரவில் செலவாவதை எப்படி ஈடுகட்டுவது? வண்டி இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ராத்திரிக்குச் செலவானது திரும்பி வந்துவிடும் என்றார். இதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அவரை உட்காரச் சொல்லித்தான் இதுவரை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவர் ஓடினால்தான் அவள் தூங்க முடியும் என்று ஒருவர் முதல்முறையாகச் சொல்கிறார்.

பதினேழாம் தேதி காலை 6.40க்குக் கிளம்பினார்கள். வாட் மீட்டரைக் கடைக்காரருக்குத் திருப்பிவிட்டு, பேட்டரியின் வோல்ட்டைக் காட்டும் மீட்டரைத் தங்கையிடம் கொடுத்தேன், அவரிடம் அல்ல. முதல் இரவு, காலையில் 12.3. இரண்டாம் இரவு, 12.3. இரண்டு நாளும் சரியாக ஏழு மணிக்குப் போனில் சொன்னாள். மூன்றாம் நாள் ஓர் ஏரிக்கரை. அவளுக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. முந்தின நாள் ஐந்து மணி நேரம் ஓட்டியதில் பேட்டரி நன்றாக ஏறியிருந்தது. இரவு குளிராக இருந்ததால் விசிறியும் போடவில்லையாம். காலையிலும் மாப்பிள்ளை வேனைக் கழுவத் தண்ணீர் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்.

இருபதாம் தேதி பகல் 11.15க்குப் போன் வந்தது.

"அண்ணே, இவர் பேட்டரி இறங்கிடுச்சு, உடனே கிளம்பணும்கறார். நான் இன்னும் ஒருநாள் இருக்கலாம்கறேன். மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டுது. அது நிறையா, குறையா?"

பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. நடக்கும் சத்தம், காற்றுச் சத்தம். பிறகு மாப்பிள்ளை, தாழ்ந்த குரலில்.

"மச்சான், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பன்னிரண்டு ஆறுன்னா கொஞ்சம் கம்மிதானே? ஒரு முந்நூறு வாட்டுக்கு?"

"எஞ்சின் அணைச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டரை மணி நேரம் இருக்கும்."

"அப்ப அது நிறைஞ்ச பேட்டரி மாப்பிள்ளை."

"ஒரு புள்ளி குறைச்சுச் சொல்லக் கூடாதா? உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றேன்.

போட்டார். பன்னிரண்டு புள்ளி ஆறு என்றால் இன்றைக்கு ஓட்டாமலே இரவைத் தாராளமாகத் தாண்டும், நாளைக் காலை கிளம்பினால் போதும் என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். தங்கை சிரிப்பது கேட்டது.

"கேட்டாச்சா? இப்படி வந்து உட்காருங்க. இந்தக் கல்லு நல்லா இருக்கு."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்து தண்ணியைப் பாருங்க."

"அதுவும் அங்கேயே நிக்குது. அதுல என்ன பார்க்கறது?"

"சரி, அப்ப என்னைப் பாருங்க. மூணு நாளா முழுசாத் தூங்கினவ முகம் எப்படி இருக்குன்னு பாருங்க."

கல்லில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது, மாப்பிள்ளையின் செருப்பாக இருக்கலாம். போனை அணைக்க இருவருமே மறந்துவிட்டார்கள். நான் நாலு நிமிடம் பத்து விநாடி காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் எழுந்த சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.